காந்தக் கரித்தூளும் பிளாஸ்டிக்கும்: சேதராப்பட்டுப் பட்டறையிலிருந்து சில குறிப்புகள்

பிளாஸ்டிக்கிலும் ரப்பரிலும் கரித்தூளைக் கலப்பது புதிதன்று. வண்டி டயரும் கறுப்புத் தண்ணீர்க் குழாயும் கார்பன் பிளாக்கை நம்பித்தான் வெயிலில் கிடக்கின்றன. அந்தக் கரியின் மேல் நானோ அளவிலான இரும்பு ஆக்சைடை ஏற்றி, காந்தத்துக்கு இழுபடும்படி செய்து, அதன் பிறகு எபாக்சியிலோ (இரு திரவங்களைக் கலந்து இறுக வைக்கும் பிளாஸ்டிக்) பாலிப்ரொப்பிலீனிலோ (உருக்கி வார்க்கும் பிளாஸ்டிக்) கலந்தால் என்ன கிடைக்கும் என்பதைச் சிதம்பரத்தில் ஆய்வு மாணவனாக இருந்த காலம் தொட்டு, இப்போது புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு சிறிய கலவைப் பட்டறையைக் கவனித்துக்கொள்வது வரை, விடாமல் பார்த்துவருகிறேன். இந்த வேலையைப் பற்றி விசாரிப்பவர்களில் பெரும்பாலோர், காந்தத் தன்மை ஏறினாலே பிளாஸ்டிக் உறுதியாகிவிடும் என்று எண்ணிக்கொண்டு வருகிறார்கள். உறுதியைத் தீர்மானிப்பவை துகள் எவ்வளவு சீராகப் பரவியிருக்கிறது என்பதும், அதன் மேற்பரப்பைப் பிளாஸ்டிக் எவ்வளவு இறுகப் பற்றியிருக்கிறது என்பதுமே. காந்தத்தால் கிடைக்கும் பயன் வேறு வகையைச் சேர்ந்தது: துகளை நகர்த்தலாம், ஒரு திசையில் வரிசைப்படுத்தலாம், நீரிலிருந்து எளிதில் பிரிக்கலாம், பொருளுக்குள் அது இருப்பதை வெளியிலிருந்தே கண்டறியலாம். இதற்கு ஈடாகத் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக் கட்டிதட்டும், பொருளின் எடை கூடும், இயந்திரமும் கொஞ்சம் தேயும்.

கரிக்கு நாங்கள் அதிக தூரம் போகவில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் இடங்களில் எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் ஓட்டுச் சக்கை குறைந்த விலையில் கிடைக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலில் அந்த வட்டாரத்து முந்திரித் தோப்புகள் பெருமளவு விழுந்துபோன பின்னும், மறு நடவாலும் வெளியிலிருந்து வரும் கொட்டையாலும் உடைப்புத் தொழில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பிழியாத ஓட்டை மட்டும் சூளைக்குள் போடவே கூடாது. அதன் எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம் எழும். சூடானால் வரும் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். பிழிந்த சக்கையிலும் சிறிது எண்ணெய் தங்கியிருக்கும் என்பதால், காற்றுப் போக்கியின் கீழ் மெல்லச் சூடேற்றி முதல் புகையை வெளியேற்றிவிட்டு, அதன் பிறகே நைட்ரஜன் சூழலில் 700 டிகிரிக்குக் கொண்டுபோகிறோம். கிடைக்கும் கரியைப் பந்து ஆலையில் அரைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் சில மணி நேரம் சூடாக்கினால் அதன் மேற்பரப்பில் கார்பாக்சில் தொகுதிகள் உருவாகின்றன. இரும்பு அயனிகள் பற்றிக்கொள்வதற்கு அவைதான் பிடிமானம். இந்தப் படியைச் செய்யாமல் விடுபவர்களுக்குக் கரி ஒரு பக்கமும் ஆக்சைடு ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும் தூள் கிடைக்கும். அதைக் கலவை என்று சொல்லலாமே தவிர, காந்தக் கரி என்று சொல்ல முடியாது.

முந்திரிக் கரியை எவ்வளவு அரைத்தாலும் அது கார்பன் நானோகுழாய் ஆகிவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீளத்துக்கும் பருமனுக்கும் உள்ள விகிதம் மிக அதிகம் என்பதால், நானோகுழாய் எபாக்சியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே மின்தொடர்ச்சியை உண்டாக்கிவிடும். உருண்டைத் துகளான கரிக்கு அதைப் போலப் பல மடங்கு தேவைப்படும். விலை வேறுபாடும் அதற்கேற்றாற்போல் இருக்கிறது. கடையில் வாங்கும் நானோகுழாய் பலவற்றில் வளர்ப்பின்போது பயன்படுத்திய இரும்பு வினையூக்கி மிஞ்சியிருப்பதால், அந்தத் தூள் நாம் எதுவும் செய்யாமலேயே காந்தத்துக்குச் சற்று அசையும். ஒப்பீட்டுச் சோதனையில் இதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் முடிவு குழம்பும்.

இரும்பு ஆக்சைடை ஏற்ற, பலரும் செய்யும் இணை வீழ்படிவு முறையையே (இரு வகை இரும்பு உப்புகளை ஒரே கரைசலிலிருந்து சேர்த்துத் திடப்பொருளாக வீழ்த்துவது) நாங்களும் கையாளுகிறோம். ஃபெர்ரிக் அயனி (மூன்று மின்சுமை கொண்ட இரும்பு) இரண்டுக்கு ஃபெர்ரஸ் அயனி (இரண்டு மின்சுமை கொண்டது) ஒன்று என்ற விகிதம் முக்கியம். ஆறு நீர் மூலக்கூறுகள் கொண்ட ஃபெர்ரிக் குளோரைடு 54 கிராமும், ஏழு நீர் மூலக்கூறுகள் கொண்ட ஃபெர்ரஸ் சல்பேட் 27.8 கிராமும் எடுத்தால், முழுமையாக வீழ்ந்த நிலையில் ஏறத்தாழ 23 கிராம் மேக்னடைட் (காந்தத்துக்கு இழுபடும் கறுப்பு இரும்பு ஆக்சைடு) கிடைக்கும். ஃபெர்ரஸ் சல்பேட் புட்டியைத் திறந்தவுடன் படிகத்தின் நிறத்தைப் பாருங்கள். இளம்பச்சையாக இருந்தால் பயன்படுத்தலாம். பழுப்புப் படிந்திருந்தால் அதில் ஒரு பகுதி ஏற்கெனவே ஃபெர்ரிக்காக மாறிவிட்டது, உங்கள் விகிதமும் கெட்டுவிட்டது என்று பொருள். கடலோரக் காற்றில் மூடி தளர்ந்த புட்டி வெகு விரைவில் பழுப்பாகிவிடுகிறது. கரித்தூள் மிதக்கும் கரைசலில் நைட்ரஜனைக் குமிழ விட்டு, 70, 80 டிகிரியில் அம்மோனியாவைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்து, காரத்தன்மை பி.எச். 10 அளவுக்கு ஏறும்வரை இயந்திரக் கலக்கியை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும்.

இயந்திரக் கலக்கி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆய்வுக்கூடங்களில் கை தானாகவே காந்தக் கலக்கியைத் தேடிப் போகும். அதில் இந்த வேலையைத் தொடங்கினால், உருவாகும் மேக்னடைட் முழுவதும் குடுவையின் அடியில் சுழலும் சிறு காந்தத் துண்டின் மேல் முள்முள்ளாக அப்பிக்கொண்டு, மேலே கரி மட்டும் தெளிவாக மிதக்கும் காட்சியைக் காணலாம். எடை பார்க்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை. நுண்ணெடைத் தராசுகள் உள்ளே மின்காந்த விசையால் எடையைச் சமன்செய்கின்றன. காந்தத் தூளைத் தட்டின் மேல் நேரடியாக வைத்தால் காட்டும் எண் ஓரிடத்தில் நிற்காமல் நகரும், அல்லது தவறான இடத்தில் நின்றுவிடும். உயரமான கண்ணாடிக் குவளை ஒன்றைத் தட்டில் கவிழ்த்து வைத்து, அதன் மேல் தூளை வைத்து எடை பார்த்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறைகிறது.

வீழ்படிவு முடிந்தபின் கழுவும் வேலைதான் எல்லாவற்றையும்விட அலுப்பூட்டுவது. பொருளின் ஆயுளை நிர்ணயிப்பதும் அதுவே. குடுவையின் பக்கவாட்டில் நல்ல நியோடிமியம் காந்தத்தை வைத்தால் சில நிமிடங்களில் கறுப்பு முழுவதும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், நீரை அப்படியே சாய்த்துக் கொட்டலாம். வடிதாளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. காந்தத் தன்மையால் முதலில் கிடைக்கும் வசதி இதுதான். ஆனால் நீர் தெளிவாகத் தெரிகிறது என்பதற்காகக் கழுவுவதை நிறுத்தக் கூடாது. கழுவிய நீரில் சிறிதளவை எடுத்து, ஒரு துளி நைட்ரிக் அமிலம் விட்டு, பிறகு சில்வர் நைட்ரேட் கரைசலை விட்டுப் பார்த்தால், குளோரைடு மிஞ்சியிருக்கும்வரை பால் போல வெண்மை படரும். அது படராத நிலை வரும்வரை கழுவ வேண்டும். கடைசிக் கழுவல்களுக்குக் காய்ச்சி வடித்த நீரே வேண்டும். எங்கள் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே உப்பு இருப்பதால், அதைக் கொண்டு எத்தனை முறை கழுவினாலும் வெண்மை போகாது. குளோரைடு தங்கிய தூளைக் கலந்து வார்த்த தகடு சில மாதங்கள் கடல் காற்றுப் படும் இடத்தில் இருந்தால், விளிம்புகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். வாடிக்கையாளர் அதைத் துரு என்றுதான் சொல்வார். அவரோடு வாதிட்டுப் பயனில்லை.

உலர்த்தும்போது 60 டிகிரிக்கு மேல் போகாமல், முடிந்தால் வெற்றிட அடுப்பில் உலர்த்துவது நல்லது. காற்றுப்படும்படி அதிகச் சூட்டில் உலர்த்தினால் கறுப்பு பழுப்பாக மாறத் தொடங்கும். மேக்னடைட் ஆக்சிஜனை ஏற்று மாகிமைட் என்ற வேறோர் இரும்பு ஆக்சைடாக மாறுவதன் அடையாளம் அது. மாகிமைட்டும் காந்தத்துக்கு நன்றாகவே ஒட்டும் என்பதால், காந்தத்தைக் காட்டி ஒட்டுகிறதா என்று பார்ப்பது எதையும் நிரூபிக்காது. எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் படத்திலும் இரண்டின் கோடுகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் விழும். பேரளவு மேக்னடைட்டின் தெவிட்டு காந்தமாக்கம் (அது எட்டக்கூடிய உச்சக் காந்த அளவு) அறை வெப்பநிலையில் கிராமுக்கு 92 இ.எம்.யு. (காந்தமாக்க அலகு) அளவில் இருக்கும்; நானோத் துகளில் அது குறைவது இயல்பு, கரியின் எடையும் சேரும்போது இன்னும் குறையும். ஆகவே கிடைத்த எண்ணைக் கரி நீங்கலான ஆக்சைடின் எடைக்கு மாற்றிப் பார்த்த பின்தான் தூளின் தரத்தைப் பற்றிப் பேச முடியும். துகள் ஏறத்தாழ 20 நானோமீட்டருக்குள் இருந்தால், வெளிக் காந்தத்தை விலக்கியதும் காந்தத் தன்மை தங்காது. பிளாஸ்டிக்கில் கலக்கும் நமக்கு இது பெரிய வரம். தங்கும் காந்தம் உள்ள பெரிய துகள்கள் சேமிப்பிலேயே ஒன்றோடொன்று பிணைந்து கட்டியாகிவிடுகின்றன.

எபாக்சியில் கலக்கும் கட்டத்தில், தூளை முதலில் அசிட்டோனில் போட்டு மீயொலிக் கலக்கியால் பிரித்து, ரெசினில் (எபாக்சியின் முதன்மைத் திரவம்) சேர்த்து, அசிட்டோனை முற்றிலும் ஆவியாக்கி, வெற்றிடத்தில் குமிழிகளை நீக்கி, கடைசியில் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரைச் சேர்ப்பது வழக்கமான ஒழுங்கு. அசிட்டோன் மிஞ்சினால் வார்ப்பு மென்மையாக நின்றுவிடும். அதை நிரப்பியின் (கலந்த தூளின்) குற்றமாக எழுதிவைத்துவிட்டு அடுத்த சோதனைக்குப் போனவர்கள் உண்டு. ஹார்ட்னரை ரெசினின் எடைக்குத்தான் கணக்கிட வேண்டும், தூளும் சேர்ந்த மொத்த எடைக்கு அல்ல. ட்ரைஎத்திலீன்டெட்ராமின் வகை ஹார்ட்னர் என்றால் 100 பங்கு ரெசினுக்கு 10 முதல் 12 பங்கு. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இந்த அமீன்கள் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து, இறுகும் தகட்டின் மேல் மெழுகு போன்ற வெண்படலத்தை உண்டாக்கும். அந்தப் படலம் உள்ள துண்டில் மேற்பரப்பு மின்தடையை அளந்தால் கிடைக்கும் எண் நிரப்பியைப் பற்றி எதுவும் சொல்லாது. வெந்நீரும் துணியும் கொண்டு துடைத்து, உலர்த்தி, அதன் பிறகு அளக்க வேண்டும்.

இதில் யாரும் முதலில் நினைத்துப் பார்க்காத விஷயம் படிவது. மேக்னடைட்டின் அடர்த்தி ஏறத்தாழ 5.2, எபாக்சியின் அடர்த்தி 1.15. நன்றாகப் பிரிந்த நானோத் துகள் எளிதில் படியாது, ஆனால் கட்டிதட்டிய துகள் ரெசின் இறுகும் முன்பே அடிக்குப் போய்விடும். மேலிருந்து பார்த்தால் முழுவதும் ஒரே கறுப்பாகத் தெரிவதால் கண்ணுக்கு இது அகப்படாது. இறுகிய கட்டையை மேல், நடு, அடி என்று மூன்றாக அறுத்து, ஒவ்வொன்றிலும் சிறு துண்டை எடைபோட்டு, பீங்கான் மூசையில் வைத்து 700 டிகிரி உலையில் எரித்துப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். எபாக்சியும் கரியும் எரிந்துபோய், மூசையின் அடியில் செங்கல் நிறத்தில் மெல்லிய சாம்பல் நிற்கும். கறுப்பாகப் போனது சிவப்பாக வருவதைக் கண்டு புதிதாக வரும் மாணவர்கள் திகைப்பார்கள்; காற்றில் எரியும்போது மேக்னடைட் முழுவதும் ஹெமடைட் என்ற சிவப்பு இரும்பு ஆக்சைடாக மாறிவிடுகிறது என்பதுதான் செய்தி. அவ்வாறு மாறும்போது ஆக்சிஜன் சேர்ந்து எடை ஏறத்தாழ 3.5 சதவீதம் கூடுவதால், சாம்பலின் எடையை 0.967 ஆல் பெருக்கினால்தான் உண்மையில் இருந்த மேக்னடைட்டின் எடை வரும். மூன்று துண்டுகளின் விடைகளும் நெருங்கி வந்தால் மட்டுமே அந்தக் கட்டையிலிருந்து இழுவிசைச் சோதனைக்குத் துண்டு வெட்டுகிறோம்.

எடைச் சதவீதம் நம்மை ஏமாற்றும் இன்னோர் இடத்தையும் சொல்ல வேண்டும். எடையில் 10 சதவீதம் மேக்னடைட் என்பது கன அளவில் ஏறத்தாழ 2.4 சதவீதம்தான், அதே 10 சதவீதம் கரி என்றால், அடர்த்தி 2 என்று கொண்டால், கன அளவில் 6 சதவீதம். துகள்கள் தொட்டுத் தொடராக நிற்பது கன அளவைப் பொறுத்தது. ஆகவே கரியின் மேல் ஆக்சைடை அதிகம் ஏற்ற ஏற்ற, ஒரே எடைக்குக் கிடைக்கும் துகள்களின் கன அளவு குறைகிறது. கரியைக் காட்டிலும் மின்சாரம் குறைவாகக் கடத்தும் ஆக்சைடு அதன் மேல் போர்வையாக நின்று, துகளுக்குத் துகள் உள்ள தொடர்பையும் கெடுக்கிறது. நிலைமின்னைக் கடத்திவிடும் தகடு வேண்டும் என்று கேட்பவருக்குச் சாதாரண கார்பன் பிளாக்கே மேல் என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். மின்காந்த அலைத் தடுப்புக்குக் கேட்பவர்களிடமும் இதே விளக்கம்தான். 20 டெசிபெல் தடுப்பு என்றால் அலையின் ஆற்றலில் 99 சதவீதம் உள்ளே வராமல் நிற்கிறது என்று பொருள். ஆனால் 8 முதல் 12 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மேக்னடைட்டின் காந்த ஊடுதிறன் வெகுவாகக் குறைந்துவிடுவதால், அங்கே வேலையின் பெரும்பகுதியைக் கரிதான் செய்கிறது என்பது என் கருத்து. அளந்த தடுப்பு அனைத்தையும் காந்தத்தின் கணக்கில் எழுதும் வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று.

காந்தம் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் வரிசைப்படுத்துதல். ரெசின் திரவமாக இருக்கும்போது காந்தப்புலத்தில் வைத்தால் துகள்கள் புலத்தின் திசையில் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. அந்தத் திசையில் மின்சாரமும் வெப்பமும் குறைந்த அளவு நிரப்பியிலேயே செல்லும். குறுக்குத் திசையில் செல்வது கடினம். இதற்கு அச்சின் ஒரு பக்கம் மட்டும் காந்தத்தை வைக்கக் கூடாது. ஒரு பக்கக் காந்தத்தின் புலம் தூரத்துக்குத் தூரம் குறைவதால், துகள்கள் வரிசையாக நிற்பதற்குப் பதிலாகக் காந்தத்தை நோக்கி நகர்ந்து அந்தச் சுவரில் குவிந்துவிடும். அச்சின் இரு புறமும் அகலமான காந்தங்களை எதிரெதிர் முனைகள் பார்க்கும்படி வைத்து, நடுப்பகுதியில் மட்டும் வார்ப்பது நல்லது. காந்தத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். சாதாரண வகை நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் சென்றால் நிரந்தரமாகத் தன் வலிமையில் ஒரு பகுதியை இழக்கும். அதை அச்சோடு சேர்த்து 100 டிகிரி அடுப்பில் வைத்தால் அடுத்த முறைக்கு அது பயன்படாது. அறை வெப்பநிலையில் ரெசின் இறுகி நின்ற பிறகு காந்தத்தைக் கழற்றிவிட்டு அடுப்பில் வைக்கலாம், அல்லது வலிமை குறைவானாலும் சூடு தாங்கும் ஃபெரைட் காந்தத்தைப் பயன்படுத்தலாம். சித்திரை, வைகாசியில் இங்கே அறை வெப்பநிலையே 38 டிகிரி வரை போவதால் ரெசின் முன்கூட்டியே இறுகி, சங்கிலி உருவாவதற்கான நேரம் போதாமல் போகும். அந்த மாதங்களில் வார்ப்பை விடியற்காலையில் வைத்துக்கொள்கிறோம்.

பாலிப்ரொப்பிலீனுக்கு வந்தால் இந்த வரிசைப்படுத்தும் ஆசையை விட்டுவிட வேண்டும். உருகிய பிளாஸ்டிக் எபாக்சியைவிடப் பல மடங்கு கெட்டியானது. அச்சுக்குள் சில நொடிகளில் உறைந்துவிடும். அங்கே காந்தக் கரியைக் கலப்பதற்கு நாங்கள் கண்ட நியாயமான பயன் ஒன்றே ஒன்று. உணவு பதப்படுத்தும் இடங்களில் பயன்படும் சுரண்டி, கரண்டி, கூடை போன்றவற்றில் உடைந்த துணுக்கு உணவில் விழுந்தால், அதை உலோகங்காட்டிக் கருவியும் காந்தத் தடுப்பும் பிடித்துவிட வேண்டும். கடல் உணவு பதப்படுத்தும் ஒருவருக்காக இத்தகைய சுரண்டிக்கு மாஸ்டர்பேட்ச் (தூளைச் செறிவாகக் கலந்த பிளாஸ்டிக் மணிகள்) செய்யத் தொடங்கியபோது, மோல்டிங் கூடத்திலிருந்து வந்த முதல் தொலைபேசி இது: “சார், ஹாப்பர் காந்தம் முழுக்க உங்க சரக்குதான் ஒட்டிக்கிட்டு நிக்குது, மெஷினுக்குள்ள வெறும் வெள்ளை பிபிதான் போகுது.” இரும்புத் துணுக்கு, பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் திருகுக்குள் போகாமல் இருக்க ஹாப்பரின் அடியில் வைக்கும் காந்தக் கம்பிகள் மாஸ்டர்பேட்ச் மணிகளையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டன. இந்தச் சரக்கு ஓடும்போது அந்தக் காந்த அடுக்கை வெளியே எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் உண்மையான இரும்புத் துணுக்குக்குத் தடை இல்லாமல் போவதால், ஹாப்பரில் கொட்டும் மூலப்பொருளை முன்னதாகவே சல்லடையிலும் காந்தத்திலும் தனியாகச் சோதித்துவிட வேண்டும்.

மேக்னடைட் கெட்டியான கனிமம். மோஸ் கடினத்தன்மை அளவில் 5.5 முதல் 6.5 வரை வரும். சுண்ணாம்புத்தூள் 3, டால்க் 1. திருகின் முனையும் அச்சின் நுழைவாயும் தேய்வது இதனால்தான். இரும்பு பாலிப்ரொப்பிலீனின் சிதைவையும் தூண்டும் என்பதால், வழக்கத்தைவிடக் கூடுதலாக ஆக்சிஜனேற்றத் தடுப்பியைச் சேர்ப்பதும், 220 டிகிரிக்கு மேல் உருகலை நிற்க விடாமல் ஓட்டுவதும் நல்லது. துகளும் பிளாஸ்டிக்கும் பற்றிக்கொள்ள மாலிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிப்ரொப்பிலீன் சிறிதளவு வேண்டும். இவ்வளவு செய்தும் விறைப்பு கூடும், முறியாமல் வளையும் தன்மை குறையும். சுரண்டியின் மெல்லிய முனையைச் சற்றுத் தடிப்பாக வடிவமைக்கச் சொல்லிவிடுவோம். உணவோடு படும் பொருள் என்பதால், இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 9845 முறைப்படி உணவுக்குள் கசியும் அளவைச் சோதிக்காமல் ஒரு மூட்டைகூட வெளியே போவதில்லை. பொருளின் பரப்பில் சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராம் என்பதே எல்லை.

பட்டறையில் தூளைக் கையாளும் இடத்தில் உலர்ந்த துடைப்பம் கூடாது, ஈரத்துணிதான். கரித்தூள் மின்சாரத்தைக் கடத்தும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் புகுந்து பலகையைக் கருக்கிவிடும். காந்தத் தன்மையும் சேர்ந்திருப்பதால் மோட்டாருக்குள்ளும் ஒலிபெருக்கியிலும் போய் ஒட்டிக்கொண்டு விலகாது.

கடைசியாக, கழிவு வாங்குபவரின் தொல்லை. சுரண்டி மோல்டிங்கில் மிஞ்சும் ஓடுகால்களையும் (அச்சுக்குள் பிளாஸ்டிக் ஓடிவரும் வழியில் உறைந்த துண்டுகள்) கழித்த உருப்படிகளையும் சாதாரண பாலிப்ரொப்பிலீன் கழிவோடு சேர்த்து அனுப்பினால் அவர் திருப்பி அனுப்பிவிடுகிறார். பாலிப்ரொப்பிலீன் தண்ணீரில் மிதக்கும் என்பதை வைத்துத்தான் அவர் பிரிக்கிறார். எடையில் 10 சதவீதம் மேக்னடைட் இருந்தால் கலவையின் அடர்த்தி ஏறத்தாழ 0.99 ஆக நின்று மிதக்கும். 20 சதவீதம் என்றால் 1.08 ஆகி, பிவிசி, பெட் போன்ற கனமான பிளாஸ்டிக்குகளோடு சேர்ந்து தொட்டியின் அடியில் போய்விடும். 20 சதவீதச் சரக்கின் கழிவைத் தனி மூட்டையில் கட்டி, எங்கள் பட்டறைக்கே திருப்பித் தரும்படி மோல்டிங் கூடத்தோடு எழுதி வைத்துக்கொண்டிருக்கிறோம். தெரியாமல் கலந்துபோன மூட்டையை அரைத்து, ஹாப்பரிலிருந்து கழற்றிய அதே காந்தக் கம்பிகளின் மேல் கொட்டினால், எங்களுடையது கம்பியில் நிற்கிறது, மற்றது கீழே விழுகிறது.